ஒண்ணாம் வகுப்புக்கு முந்தின மூணு வருஷம் யார் பொறுப்பு?



ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நம்ம கடியப்பட்டணத்தில் எப்படி இருக்கும்னு இந்தக் கரையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். கடல் கலங்கி நிற்கும். வள்ளமெல்லாம் மேலே ஏற்றிப் போட்டிருக்கும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுத் தடைக்காலம். முட்டத்துக்கும் குளச்சலுக்கும் தொழிலுக்குப் போகிற ஆம்பிளைகள் வீட்டில் இருப்பாங்க, ஆனா கையில் காசு இருக்காது. சரியா அந்த நேரம் பார்த்துத்தான் பை, குடை, செருப்பு, நோட்டு எல்லாச் செலவும் வந்து நிக்கும்.

அன்னைக்குக் காலையில் ஒண்ணாம் வகுப்பு வாசலில் ரெண்டு வகைப் பிள்ளைகளைப் பார்க்கலாம். ஒண்ணு, அம்மையின் சேலையை விடாமல் கதறுகிற பிள்ளை. அதைப் பற்றி நான் பெரிசா கவலைப்படமாட்டேன். அழுகிற பிள்ளைக்குத் தனக்கு என்ன வேணும்னு சொல்லத் தெரியுது. நாலு நாளில் அடங்கிடும். இன்னொரு பிள்ளை அழாது, பேசாது. பையை மடியில் வச்சுக்கிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கும். ஒரு வாரம் அப்படி, ஒரு மாசம் அப்படி. காலாண்டு முடியும்போது அதுக்கு ஒரு பேர் விழுந்திருக்கும்: "மந்தம்". அந்தப் பேர் பத்தாம் வகுப்பு வரைக்கும் கூடவே வரும்.

இந்தப் பதிவு அந்த ரெண்டாவது பிள்ளைக்காக.

நானும் அப்படி ஒரு பிள்ளையாத்தான் போனேன். எந்தப் பள்ளிக்கூடம்னு சொல்ல வேண்டாம், இதே கரைப் பக்கம்தான். முதல் வாரம் டீச்சர் ஒரு படத்தைக் காட்டி "இது என்ன?"ன்னு கேட்டாங்க. படத்தில் ஒரு மீன். என் முறை வந்தப்போ நான் என்ன மீன்னு யோசிச்சுக்கிட்டு நின்னேன். சாளைக்கு வயிறு இப்படி இருக்காது. அயிலைன்னா முதுகில் கோடு இருக்கணும். வாவல்னா உருண்டையா இருக்கும். வரைஞ்சவர் எந்த மீனையும் பார்க்காம வரைஞ்சிருக்கார்னு இப்போ புரியுது. அஞ்சு வயசில் அது எப்படிப் புரியும்? பதில் வரலை. "கடக்கரைப் பிள்ளைக்கு மீன்கூடத் தெரியல்லியா?"ன்னு ஒரு சிரிப்பு, கூடவே வகுப்பு முழுக்க சிரிப்பு. அதுக்கப்புறம் அந்த வருஷம் நான் கையைத் தூக்கினதே இல்லை. ஒண்ணுக்குப் போகணும்னு கேட்கக்கூட.

அந்த டீச்சர் மேல இப்போ எனக்குக் கோபம் இல்லை. எதிரில் அறுபது பிள்ளைகளை வச்சுக்கிட்டு அவங்களும் என்னதான் செய்வாங்க! ஆனா ஒரு விஷயம் மட்டும் மனசில் நிக்குது. இருபது மீன் பேர் தெரிஞ்ச பிள்ளையை, ஏலம் கூவுறதைக் கேட்டுக் கேட்டே நூறு, நூத்திப்பத்து, நூத்தியிருபதுன்னு பத்துப் பத்தா எண்ணத் தெரிஞ்ச பிள்ளையை, "ஒண்ணும் தெரியாத பிள்ளை"ன்னு ஒரு பள்ளிக்கூடத்தால் ஒரே வாரத்தில் முடிவு கட்ட முடியுது. பிள்ளை பள்ளிக்குத் தயாரான்னு எல்லாரும் கேட்கிறோம். பள்ளி அந்தப் பிள்ளைக்குத் தயாரான்னு யாராவது கேட்டோமா?

நம்ம குமரி மாவட்டத்துக்குப் படிப்பில் பெருமை உண்டு. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். அந்தப் பெருமையோட மறுபக்கம் ஒரு பயம். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏ பி சி டி சொல்லிடுச்சு, நம்ம பிள்ளை சொல்லலையேங்கிற பயம். அதனால ரெண்டரை வயசு, மூணு வயசுப் பிள்ளையைக் காலை ஏழரைக்கு வேனில் ஏத்தி விடுறோம். சாயங்காலம் அது வீட்டுப்பாடத்தோட வருது. நாலு கோடு நோட்டில் ஒரு பக்கம் முழுக்க ஒரே எழுத்து. கை வலிக்குதுன்னா "சும்மா சொல்லுது"ன்னு நினைக்கிறோம். சும்மா இல்லை தோழர்களே. மூணு நாலு வயசில் மணிக்கட்டு எலும்புகள் பாதிக்கு மேல இன்னும் குருத்தெலும்பாத்தான் இருக்கும். வருஷக்கணக்கில் ஒண்ணு ஒண்ணாத்தான் உறுதியாகும். மண்ணைப் பிசையணும், நூலில் சிப்பி கோக்கணும், துணி பிழியணும், தேங்காய்ச் சிரட்டையில் தண்ணி மொண்டு ஊத்தணும். இதெல்லாம் செஞ்ச கை பின்னால் பென்சிலைத் தானாப் பிடிக்கும். (கரை மண்ணைப் பற்றிப் பேச ஆரம்பிச்சா மணவாளக்குறிச்சி வரைக்கும் போகணும். அது வேறொரு பதிவு.)

அப்போ ஒரு பிள்ளை பள்ளிக்குத் தயார்னு எதை வச்சுச் சொல்றது? ஒண்ணாம் வகுப்பு எடுக்கிற ஆசிரியர்கள் எத்தனையோ பேர்கிட்ட பேசியிருக்கேன். அ ஆ தெரிஞ்சு வரணும்னு ஒருத்தரும் முதலில் சொன்னதில்லை. "அதை நாங்க சொல்லிக் கொடுத்துக்கிடுவோம் சார், அதுக்குத்தானே இருக்கோம்"னுதான் சொல்வாங்க. அவங்க கேட்கிறது வேற. தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்கத் தெரியணும். வயித்து வலி, தண்ணி தாகம், ஒண்ணுக்கு, "அவன் என்னைத் தள்ளினான்" இதையெல்லாம் சொல்லத் தெரியணும். தன் முறை வரும்வரை கொஞ்சம் காத்திருக்கணும். ஒரு கதையைப் பத்து நிமிஷம் உட்கார்ந்து கேட்கணும். அம்மை போனா திரும்பி வருவாங்கிற நம்பிக்கை வேணும்.

கடைசியில் சொன்ன நம்பிக்கை நம்ம கரையில் லேசான விஷயம் இல்லை. அப்பன் ஆழ்கடலுக்குப் போனா வாரக்கணக்கு. வளைகுடா நாட்டில் தொழில்னா வருஷக்கணக்கு. 2004 டிசம்பர் 26, 2017 ஓகி, இந்த ரெண்டையும் பார்த்த கரை இது. போனவங்க திரும்பி வராமப் போறதை வீட்டுப் பேச்சிலேயே கேட்டு வளர்கிற பிள்ளை, பள்ளி வாசலில் அம்மையின் முந்தானையை விட மறுத்தா அதுக்குப் பேர் அடம் இல்லை. முதல் நாளே கையைப் பிரிச்சு உள்ளே இழுத்துப் போடுறதுக்குப் பதிலா, மே மாதத்திலேயே ரெண்டு மூணு தடவை அந்த வகுப்பறைக்குக் கூட்டிட்டுப் போய் உட்கார வச்சுட்டு வாங்க. கக்கூஸ் எங்க, தண்ணிக்குழாய் எங்க, டீச்சர் முகம் எது, எல்லாம் பார்த்துக்கட்டும். காசு செலவில்லாத வேலை.

இன்னொண்ணு தூக்கம். தொழிலுக்குப் போகிற வீட்டில் ராத்திரி ரெண்டு மணிக்கு விளக்கு எரியும், ஆள் நடமாடும், பிள்ளையும் முழிச்சுக்கிடும். விடியும்போதுதான் அசந்து தூங்கும். அந்தப் பிள்ளை ஒன்பதரைக்கு வகுப்பில் கொட்டாவி விட்டா படிப்பில் நாட்டமில்லைன்னு அர்த்தமா? பள்ளி திறக்க ஒரு மாசத்துக்கு முன்னாலேயே பிள்ளையை வேற அறையிலோ, பாட்டிகூடவோ படுக்க வச்சுப் பழக்க முடியுமான்னு பாருங்க. ஒரே அறை வீடுன்னா கஷ்டம்தான், தெரியும். செல்போனையாவது எட்டு மணிக்கு மேல பிள்ளை கையில் கொடுக்காதீங்க. ரைம்ஸ் போட்டுக் கொடுத்தா பேச்சு வரும்னு நினைக்கிறோம். போன் பிள்ளைகிட்ட பேசும். பிள்ளை சொல்றதைக் கேட்டுப் பதில் சொல்லாது. நீங்க மீன் ஆயும்போது பக்கத்தில் உட்கார வச்சு "இது என்ன மீன், இதுக்கு முள் எங்க இருக்கு, எது பெரிசு, எது சின்னது"ன்னு பேசினீங்கன்னா அதுதான் முதல் பாடம். வீட்டுப் பேச்சிலேயே பேசுங்க. "எனக்க பிள்ள"ன்னு பேசினா பின்னால் தமிழ் வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வீட்டில் நிறையப் பேசி வளர்ந்த பிள்ளைக்குப் புத்தகத் தமிழும் வரும், ஆங்கிலமும் வரும்.

இவ்வளவும் வீட்டு வேலை. இப்போ அரசியல் வேலைக்கு வருவோம்.

காலையில் மீன் கூடையைத் தூக்கிக்கிட்டு ஏலத்துக்கும் சந்தைக்கும் போகிற அம்மைக்கு "பிள்ளையோட உட்கார்ந்து பேசுங்க"ன்னு அறிவுரை சொல்றது சுலபம். அவங்க போன பிறகு அந்தப் பிள்ளை யார்கிட்ட? அதுக்குப் பதில் சொல்லத்தான் அங்கன்வாடி வந்துச்சு.

மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம் அமைச்ச ஒரு ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மீனா சுவாமிநாதன். நாவலாசிரியர் கிருத்திகாவின் மகள், எம்.எஸ்.சுவாமிநாதனின் துணைவியார். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் சாப்பாடு, உடல்நலம், கல்வி மூணையும் பிரிச்சுப் பார்க்கக் கூடாதுன்னு அந்தக் குழு சொன்னது. 1975 அக்டோபர் 2-ல் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கினப்போ அந்த அறிக்கைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. தமிழ்நாடு இதில் இன்னும் வேகமாப் போச்சு. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவு தொடங்கினப்போ 5 வயசுக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளோட சேர்த்து 2 வயசிலிருந்தே பால்வாடியில் சோறு போட்டது. இன்னைக்கு மாநிலத்தில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள். வாரம் 3 முட்டை. எந்தக் கட்சி ஆட்சியில் செஞ்சதா இருந்தாலும் இது தமிழ்நாட்டு மக்களின் சொத்து.

ஆனா ஒரு சிக்கல். சோறு நிலைச்சது, படிப்பு நிலைக்கலை. "அங்கன்வாடிக்கு விட்டா தின்னுட்டுத் தூங்கும், அதுக்கு வேனில் போனா நாலு எழுத்தாவது படிக்குமில்லா?"ன்னு நம்ம ஊரு அம்மைமார் கேட்கிறாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது. அங்கன்வாடிக்குன்னு பாடத்திட்டமே இருக்கு, "ஆடிப் பாடி விளையாடு பாப்பா"ன்னு பேரு. பாட்டு, கதை, விளையாட்டு, படம்னு நல்லா யோசிச்சுச் செஞ்சது. அதை நடத்துறது யார்? ஒரே ஒரு அங்கன்வாடி அக்கா. அவங்களுக்குக் கர்ப்பிணிகள் கணக்கு, தடுப்பூசிக் கணக்கு, எடை பார்க்கிறது, சத்துமாவு கொடுக்கிறது, வீடு வீடாப் போறது, போஷன் டிராக்கர் செயலியில் எல்லாத்தையும் ஏத்துறது. 2025 ஜூலையிலிருந்து வீட்டுக்குக் கொடுக்கிற சத்துணவுப் பொருளுக்கு முகம் படம் பிடிச்சுச் சரிபார்க்கிற வேலையும் சேர்ந்துச்சு. நெட் கிடைக்காம போனைத் தூக்கிக்கிட்டு வாசலில் நிக்கிற அக்காவுக்குப் பின்னால் இருபது பிள்ளைகள் ஆடிப் பாடிக்கிட்டு இருக்கும், தானா.

இந்த வேலைக்கு மத்திய அரசு 2018 அக்டோபரில் நிர்ணயிச்ச தொகை மாசம் 4,500 ரூபாய். அதுக்குப் பேர்கூட சம்பளம் இல்லை, "மதிப்பூதியம்". தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம் இருக்கிறதால இங்கே கொஞ்சம் மேல், அதை ஒத்துக்கணும். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடை உண்டுன்னு தீர்ப்பு சொன்னப்போ, கல்வி உரிமைச் சட்டத்தின் 11-வது பிரிவைச் சுட்டிக்காட்டி, இவங்க செய்றது முன்பருவக் கல்வியும்தான்னு எடுத்துச் சொன்னது. நீதிமன்றத்துக்குத் தெரியுது இவங்க ஆசிரியர்கள்னு.

அந்த 11-வது பிரிவைப் பற்றி ஒரு நிமிஷம். சட்டம்னதும் ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க, முழு விஷயமும் இங்கதான் இருக்கு. அரசியல் சட்டம் எழுதினப்போ 45-வது பிரிவு என்ன சொன்னது? 14 வயசு முடியும்வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி. எந்த வயசிலிருந்துன்னு கோடு போடலை. 2002-ல் 86-வது திருத்தம் வந்து கல்வியை அடிப்படை உரிமை ஆக்கினது, நல்ல விஷயம். ஆனா 6 முதல் 14 வரைன்னு கோடு போட்டுச்சு. ஆறு வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு "அரசு முயற்சி செய்யும்"னு மட்டும் எழுதினாங்க. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 11-வது பிரிவிலும் மூணு வயசுக்கு மேல இலவச முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு "செய்யலாம்"னுதான் இருக்கு. செய்யணும்னு இல்லை. ஆறு வயசுப் பிள்ளைக்குப் பள்ளி இல்லைன்னா நீதிமன்றம் போகலாம்; நாலு வயசுப் பிள்ளையோட அங்கன்வாடிக்குக் கூரை இல்லைன்னா மனுதான் கொடுக்கலாம்.

தேசியக் கல்விக் கொள்கையோட நமக்கு ஆயிரம் சண்டை இருக்கு. அந்த ஆவணமே, மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கும் மேல 6 வயசுக்கு முன்னாலேயே நடந்துடுதுன்னு எழுதி வச்சிருக்கு. அவ்வளவு தெரிஞ்சவங்க அந்த வயசை உரிமையா ஆக்கலையே, ஏன்?

மாநிலமும் இங்கே தடுமாறியிருக்கு. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினாங்க. இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாத்தினாங்க, அவங்க எதிர்த்து வழக்குப் போட்டாங்க. 2022 ஜூனில் வகுப்புகள் இனி நடக்காதுன்னு செய்தி வந்துச்சு, எதிர்ப்பு கிளம்பினதும் தொடர்ந்து நடக்கும்னாங்க, அப்புறம் தற்காலிக ஆசிரியர்கள். 54,000 மையங்களில் 2,381-க்கே இந்தப் பாடு. இன்னொரு பக்கம், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளி எல்.கே.ஜி.க்கு அரசே கட்டணம் கட்டுது. 2025-26-க்கான அந்தச் சேர்க்கையும் மத்திய, மாநில நிதிச் சண்டையில் மாசக்கணக்கில் தள்ளிப்போச்சு. அந்த ஒதுக்கீட்டைக் குறை சொல்லலை, அதில் ஏழைப் பிள்ளைகள் படிக்கிறாங்க. அந்த அக்கறையில் ஒரு பங்கு நம்ம தெரு அங்கன்வாடிக்கும் வந்திருக்கணும்னுதான் சொல்றேன்.

"சின்னப் பிள்ளைங்க விளையாடுறதுக்கு இவ்வளவு செலவா?"ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு பழைய கதை. 1962-ல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டி ஊரில், ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள் 123 பேரை வச்சு ஒரு ஆய்வு தொடங்கினாங்க, பெர்ரி முன்பள்ளி ஆய்வுன்னு பேரு. 58 பிள்ளைகளுக்கு நல்ல முன்பள்ளி, 65 பேருக்கு இல்லை. அந்த முன்பள்ளியில் என்ன செஞ்சாங்க? இன்னைக்கு என்ன விளையாடப் போறோம்னு பிள்ளையே திட்டம் போடும், விளையாடும், அப்புறம் என்ன செஞ்சேன்னு உட்கார்ந்து சொல்லும். டீச்சர் வாரம் ஒரு தடவை வீட்டுக்கே போய் அம்மையோட ஒன்றரை மணி நேரம் உட்காருவாங்க. சில வருஷத்தில் ரெண்டு குழுவுக்கும் புத்திக்கூர்மை மதிப்பெண் ஒண்ணாயிடுச்சு. தோத்துப்போச்சுன்னு நினைச்சாங்க. ஆனா விடாம பின்தொடர்ந்து 40 வயசில் பார்த்தப்போ, முன்பள்ளிக்குப் போனவங்க அதிகம் பேர் பள்ளிப் படிப்பை முடிச்சிருந்தாங்க, அதிகம் சம்பாதிச்சாங்க, கைதானதும் குறைவு. மதிப்பெண்ணில் தெரியாதது வாழ்க்கையில் தெரிஞ்சது. அது சின்ன ஆய்வு, வேற நாடு, எல்லாம் சரி. ஆனா டீச்சர் வீட்டுக்கு வந்து அம்மையோட உட்கார்ந்தாங்கங்கிறதை மட்டும் நான் மறக்கமாட்டேன். எங்க வீட்டுக்கு அப்படி ஒரு டீச்சர் ஒரு தடவை வந்திருந்தா, எனக்கு மீன் தெரியுமா தெரியாதான்னு தெரிஞ்சிருக்கும்.

பக்கத்துக் கேரளத்தில் ஒரு சின்னப் பையன், அங்கன்வாடியில் உப்புமா வேண்டாம், பிரியாணியும் பொரிச்ச கோழியும் வேணும்னு கேட்ட வீடியோவை நீங்க எல்லாரும் ஃபார்வேர்ட் பண்ணியிருப்பீங்க. 2025 ஜூனில் அந்த மாநில அரசு உணவுப் பட்டியலையே மாத்தி முட்டை பிரியாணியைச் சேர்த்தது. சிரிச்சுட்டுப் போற விஷயம் இல்லை. ஒரு பிள்ளை கேட்டது, ஒரு அரசு காது கொடுத்தது. நம்ம காலை உணவுத் திட்டம், 2022 செப்டம்பரில் தொடங்கினது, ஒண்ணாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குது. விடியக்காலையில் அம்மை ஏலத்துக்குப் போன வீட்டு நாலு வயசுப் பிள்ளைக்கும் அந்தத் தட்டு வேணும்னு நாம கேட்டோமா?

இதில் நம்ம கட்சிக்கும் பங்கு இருக்கு, மறைக்க வேண்டாம். இந்தப் பக்கத்தையே கீழே தள்ளிப் பாருங்க. நீட் பற்றி எத்தனை பதிவு, துணைவேந்தர் நியமனம் பற்றி எத்தனை பதிவு! எல்லாம் தேவைதான். நாலு வயசுப் பிள்ளையைப் பற்றி எத்தனை? அந்தப் பிள்ளைக்கு ஓட்டு இல்லை, கமெண்ட் போடத் தெரியாது. அங்கன்வாடி அக்காக்கள் போராட்டம் நடத்தினா போய் நின்னு படம் எடுத்துப் போடுறோம். அடுத்த வாரம் மறந்துடுறோம்.

நாம கேட்க வேண்டியது சுத்தி வளைக்காம இதுதான். ஒவ்வொரு மையத்துக்கும் பாடம் நடத்த மட்டும் பயிற்சி பெற்ற, நிரந்தரமான இன்னொரு ஆள். கணக்கு வேலை அவங்க தலையில் விழக்கூடாது. கடற்கரை ஊர்களில் மையத்தின் நேரம் அலுவலக நேரமா இல்லாம, ஏலத்துக்குப் போகிற அம்மையின் நேரத்துக்கு இருக்கணும். 11-வது பிரிவில் "செய்யலாம்" போய் "செய்யணும்" வரணும். நம்ம நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை எழுப்பட்டும். மையத்துக்கு வருஷம் ரெண்டு தடவை வர வேண்டிய பள்ளிச் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழு உண்மையிலேயே ரெண்டு தடவை வருதான்னு பார்க்கணும். காது சரியாக் கேட்காத பிள்ளையைக் "கவனிக்க மாட்டேங்குது"ன்னு அடிக்கிற கொடுமை இன்னும் நடக்குது.

அதெல்லாம் வர நாளாகும். ஜூன் சீக்கிரம் வந்துடும். அதனால ஊரில் இருக்கிற தோழர்கள் இப்பவே செய்யக்கூடிய ஒரு வேலை. மே 1 கிராம சபையில் உங்க பகுதி அங்கன்வாடியின் கட்டடம், கக்கூஸ், தண்ணி பற்றித் தீர்மானம் கொண்டு வாங்க. மே கடைசி வாரம், அங்கன்வாடி அக்காவையும் பக்கத்துப் பள்ளி ஒண்ணாம் வகுப்பு டீச்சரையும் ஒரே இடத்தில் உட்கார வைங்க. இத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தும் ரெண்டு பேரும் பேசிக்கிட்டதே இல்லாத ஊர் நிறைய. இந்த வருஷம் ஒண்ணாம் வகுப்புக்கு வரப்போற ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் அக்கா டீச்சர்கிட்ட சொல்லட்டும். இது கூச்சப்படும், இதுக்கு அப்பன் பஹ்ரைனில், இது பாட்டுன்னா பேசும், இதுக்கு மீன் பேரெல்லாம் தெரியும்னு.

அரை நாள் போதும். டீயும் வடையும் கிளைச் செலவில்.

#அங்கன்வாடி_கல்வி_உரிமை
#மூணு_வயசுலிருந்தே